உள் இணைப்புகளை வைத்து கூகுள் தரவரிசையை உயர்த்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தேடலில் மேலே வருவது பற்றிப் பேச்சு வந்தாலே பேக்லிங்க் எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்கலாம் என்றுதான் போகிறது. அடுத்தவர் தளத்திலிருந்து லிங்க் வருவது நம் கையில் இல்லை. நம் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது; காசு வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம், இன்றைக்கே உட்கார்ந்து செய்யலாம். இன்டர்னல் லிங்க் அல்லது உள் இணைப்பு என்பது இதுதான்.

பெரும்பாலானவர்கள் புதுக் கட்டுரை எழுதும்போது அதற்குள் பழைய கட்டுரைகளுக்கு இரண்டு மூன்று லிங்க் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதி வேலைகூட ஆகவில்லை. பழைய பக்கங்களுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, வெளியிலிருந்து லிங்க் இருக்கலாம், ஆட்கள் வருகிறார்கள். நேற்றுப் பிறந்த பக்கத்துக்கு எதுவும் இல்லை. அப்படியிருக்க, இல்லாத இடத்திலிருந்து இருக்கிற இடத்துக்கு லிங்க் கொடுத்து என்ன பயன்? பழைய பக்கங்களைத் திறந்து, அங்கிருந்து புதுப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பின்பற்றப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

லிங்க் உள்ளே என்ன வேலை செய்கிறது

முதல் வேலை, பக்கத்தைக் கண்டுபிடிக்க வைப்பது. கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்க கூகுள் அனுப்பும் தானியங்கி நிரல்) ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கங்களுக்குப் போகிறது. சைட்மேப் (தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு) கொடுத்திருக்கிறேனே, அது போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். இப்படி ஒரு முகவரி இருக்கிறது என்பதோடு சைட்மேப்பின் வேலை முடிந்துவிடும். அந்தப் பக்கம் எதைச் சார்ந்தது, எவ்வளவு முக்கியம் என்று அதனால் சொல்ல முடியாது. முகவரி தெரிந்தும் கூகுள் இன்னும் படிக்க வராத பக்கங்கள் தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் 'டிஸ்கவர்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' (கண்டுபிடித்தாயிற்று, ஆனால் இண்டெக்ஸ் என்ற கூகுளின் தேடல் பட்டியலில் இன்னும் சேரவில்லை) என்ற தலைப்பின் கீழ்க் கிடக்கும். இதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்தப் பட்டியலைத் திறந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: தளத்துக்குள்ளிருந்து இதற்கு உருப்படியான ஒரு லிங்க்காவது இருக்கிறதா?

இரண்டாவது வேலை, மதிப்பைக் கடத்துவது. 1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க் முறையை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். லிங்க்குகளை மனம்போன போக்கில் கிளிக் செய்துகொண்டே போகும் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். அவர் எந்தப் பக்கத்தில் இருக்க அதிக வாய்ப்போ அந்தப் பக்கத்துக்கு அதிக மதிப்பு. அவர் எப்போதாவது சலித்துப்போய் வேறெங்காவது தாவுவார் என்பதற்காக, தாவாமல் லிங்க்கையே தொடரும் வாய்ப்பாக 0.85 என்ற எண்ணைச் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தின் மதிப்பு அதிலுள்ள லிங்க்குகளுக்கிடையே பங்காகப் பிரியும்: 10 லிங்க் இருந்தால் பத்தில் ஒரு பங்கு, 100 இருந்தால் நூறில் ஒரு பங்கு. அந்தச் சூத்திரத்தில் உள் லிங்க், வெளி லிங்க் என்ற பாகுபாடு கிடையாது. உலாவி டூல்பாரில் பேஜ்ரேங்க் எண்ணைக் காட்டுவதை கூகுள் 2016-ல் நிறுத்திவிட்டது, அதனால் அது செத்துப்போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. வெளியே காட்டுவதை மட்டும்தான் நிறுத்தினார்கள். உள்ளே பல மாற்றங்களோடு அது இன்னும் ஓடுகிறது என்று கூகுளே தன் ஆவணத்தில் சொல்லியிருக்கிறது.

எல்லா லிங்க்கும் சமம் என்பதும் எப்போதோ போய்விட்டது. 2004-ல் விண்ணப்பித்து 2010-ல் கூகுள் பெற்ற ஒரு காப்புரிமையில், ஒருவர் உண்மையில் கிளிக் செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து லிங்க்கின் எடை மாறலாம் என்று இருக்கிறது. பக்கத்தில் எந்த இடம், எழுத்தின் அளவு, லிங்க்கில் என்ன சொற்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது. காப்புரிமையில் இருப்பதெல்லாம் அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையில் யோசிக்கிறார்கள் என்று தெரிகிறது அல்லவா? பக்கத்தின் அடியில் வரும் ஃபுட்டரில் ஐம்பதோடு ஐம்பத்தொன்றாகக் கிடக்கும் லிங்க்கைவிட, கட்டுரைக்கு நடுவே வாசகர் படித்துக்கொண்டு வரும் வரியில் இருக்கும் லிங்க்தான் நமக்கு வேண்டும்.

மூன்றாவது வேலை, பக்கம் எதைப் பற்றியது என்று சொல்வது. அது ஆங்கர் டெக்ஸ்ட்டின் வேலை, கீழே விரிவாக வருகிறது.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

கணக்கில்லாமல் லிங்க் போட ஆரம்பித்தால் ஏற்கெனவே நிறைய லிங்க் உள்ள பக்கங்களுக்கே மறுபடி மறுபடி போடுவீர்கள், ஏனென்றால் நினைவுக்கு வருவது அவைதான். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை கிரால் செய்து (லிங்க் லிங்க்காகப் போய்ப் படித்து) தரும், நடுத்தர வலைப்பூவுக்கு அது போதும். ஓட்டி முடித்ததும் முகவரி, பக்கத் தலைப்பு, கிரால் டெப்த், யுனிக் இன்லிங்க்ஸ் ஆகிய நான்கை மட்டும் எடுத்து ஒரு விரிதாளில் போட்டுக்கொள்ளுங்கள். கிரால் டெப்த் என்பது முகப்பிலிருந்து எத்தனை கிளிக் தூரத்தில் பக்கம் இருக்கிறது என்பது. யுனிக் இன்லிங்க்ஸ் என்பது எத்தனை வெவ்வேறு பக்கங்கள் அதற்கு லிங்க் கொடுக்கின்றன என்பது.

சர்ச் கன்சோலிலும் 'லிங்க்ஸ்' பகுதியில் உள் இணைப்புகளின் பட்டியல் கிடைக்கும். அங்கே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. மெனுவில் இருக்கும் பக்கத்துக்குத் தளத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் லிங்க் இருப்பதாகக் கணக்கு வரும், அதனால் 'எங்களைப் பற்றி' பக்கம்தான் தளத்திலேயே பெரிய ஆள் மாதிரித் தெரியும். மெனு, ஃபுட்டர் லிங்க்குகளை ஒதுக்கிவிட்டு, கட்டுரை உடலுக்குள்ளிருந்து எத்தனை வருகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் அநாதைப் பக்கங்கள், அதாவது எங்கிருந்தும் லிங்க் இல்லாதவை. கிரால் செய்யும் மென்பொருள் லிங்க்கைப் பிடித்துப் போவதால் இவை அதன் பட்டியலிலேயே வராது. சைட்மேப்பில் உள்ள முகவரிகளை ஒரு பக்கமும், கிராலில் கிடைத்தவற்றை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டால் விடுபட்டவை தெரியும். வருடக் கணக்காக எழுதிவரும் தளம் என்றால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கும், அதில் சில நல்ல கட்டுரைகளாகவும் இருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

படி 2: யார் கொடுப்பது, யார் வாங்குவது

இரண்டு பட்டியல் வேண்டும். கொடுக்கும் பக்கங்கள்: சர்ச் கன்சோலின் அதே லிங்க்ஸ் பகுதியில், வெளித்தளங்களிலிருந்து அதிக லிங்க் பெற்ற பக்கங்கள் எவை என்று காட்டும். பெரும்பாலும் முகப்பும் நான்கைந்து கட்டுரைகளும்தான் இருக்கும். இவற்றோடு, தேடலிலிருந்து நிறையப் பேர் வரும் பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் பக்கங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் யோசனை தேவை. சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் கடந்த 3 மாதத்தை எடுத்து, சராசரி இடம் 5-லிருந்து 20 வரை உள்ள, இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட தடவைகள்) நிறையவும் கிளிக் குறைவாகவும் உள்ள பக்கங்களைப் பிரியுங்கள். கூகுள் அவற்றை ஏற்கெனவே ஓரளவு நம்பி இரண்டாம் பக்கம் வரை கொண்டுவந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஆதரவு கிடைத்தால் ஏறும். 70-ஆம் இடத்தில் கிடக்கும் பக்கத்துக்கு லிங்க்கைக் கொட்டுவதைவிட இங்கே செலவழிக்கும் நேரத்துக்குப் பலன் அதிகம். அதற்குப் பிறகு அநாதைப் பக்கங்கள், அதற்குப் பிறகு புதுப் பக்கங்கள். 'எல்லாமே முக்கியம்தான்' என்று எல்லாவற்றையும் பட்டியலில் சேர்க்காதீர்கள், பத்துப் பதினைந்து பக்கம் போதும்.

இந்த நேரத்தில் ஒரே பொருளில் இரண்டு மூன்று கட்டுரைகள் இருப்பது கண்ணில் படும். புகைப்படக் கலை பற்றிய தளம் என்று வைத்துக்கொள்வோம். 'இரவில் படம் எடுப்பது எப்படி', 'குறைந்த வெளிச்சத்தில் நல்ல படம்', 'இரவுப் படங்களுக்கு 10 குறிப்புகள்' என்று மூன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக லிங்க் கொடுத்தால் எதைக் காட்டுவது என்று கூகுளுக்கும் தெரியாது. சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றின் நல்ல பகுதிகளை அதில் சேர்த்து, பழைய முகவரிகளை அதற்கே நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள் (301 ரீடைரக்ட்). லிங்க் வேலையை ஆரம்பிக்கும் முன்பே இதை முடிப்பது நல்லது.

படி 3: லிங்க் வைக்க இடம் தேடுங்கள்

கூகுள் தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைக் கொடுத்து, பிறகு ஓர் இடைவெளி விட்டு இலக்குப் பக்கத்தின் முக்கியச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அந்தச் சொல் வரும் உங்கள் பக்கங்கள் மட்டும் வரும். வேர்ட்பிரஸ் என்றால் அட்மின் பகுதியில் உள்ள தேடலே போதும், அநாதையாகவும் இண்டெக்ஸ் ஆகாமலும் கிடக்கும் பக்கங்களையும் அது காட்டும்.

கிடைத்த பக்கங்களைத் திறந்து அந்தச் சொல் வரும் வரியைப் படியுங்கள். அங்கே ஒரு வாசகர் 'சரி, இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்தால் நன்றாக இருக்கும்' என்று நினைப்பாரா? ஆம் என்றால் லிங்க் வையுங்கள். சொல் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் வைக்க வேண்டாம். நல்ல இடமே கிடைக்கவில்லை என்றால் இரண்டு வரி புதிதாக எழுதிச் சேருங்கள், பழைய கட்டுரை நம்முடையதுதானே. லென்ஸ் தேர்வு பற்றிய கட்டுரையில் அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) பற்றிய பத்தி இருக்கிறது. 'வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும், இரவில் படம் எடுக்கும்போது அப்பெர்ச்சரையும் ஷட்டர் வேகத்தையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று தனியாக எழுதியிருக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் கட்டுரையும் மேம்படுகிறது, லிங்க்கும் இயல்பாக உட்காருகிறது. கட்டுரைக்கு நடுவில் 'இதையும் படியுங்கள்' என்று தடித்த எழுத்தில் பெட்டி போட்டு, பொருளோடு ஒட்டாத எதையோ திணிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம், வாசகரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுகிறார்.

ஒவ்வொரு இலக்குப் பக்கத்துக்கும் முதல் சுற்றில் மூன்றிலிருந்து ஐந்து நல்ல லிங்க் கிடைத்தால் போதும், அதில் ஒன்றாவது கொடுக்கும் பட்டியலில் உள்ள பலமான பக்கமாக இருக்கட்டும்.

படி 4: ஆங்கர் டெக்ஸ்ட்

லிங்க்காக மாறும் சொற்கள்தான் ஆங்கர் டெக்ஸ்ட். 'இங்கே கிளிக் செய்யவும்', 'மேலும் படிக்க', 'இந்தக் கட்டுரையில்' போன்றவற்றை விட்டுத் தள்ளுங்கள். கூகுளுக்கும் ஒன்றும் புரியாது, திரைபடிப்பானைப் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதைவிடக் கஷ்டம், லிங்க்குகளை மட்டும் வரிசையாகக் கேட்கும்போது 'இங்கே, இங்கே, இங்கே' என்றே வரும். சுற்றியுள்ள வாக்கியத்தை மறைத்துவிட்டு லிங்க்கை மட்டும் படித்தாலே அது எங்கே கொண்டுபோகும் என்று ஊகிக்க முடிய வேண்டும்.

மறுகோடியில் இன்னொரு தொல்லை, எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒரே கீவேர்டையே (தேடல் சொல்லையே) போடுவது. உள் இணைப்பு என்பதால் வெளி லிங்க் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் படிக்க இயந்திரத்தனமாக இருக்கும், கூடவே ஒரு வாய்ப்பும் வீணாகிறது. ஒரே பக்கத்தை ஆட்கள் வெவ்வேறு சொற்களில் தேடுகிறார்கள். 'இரவில் படம் எடுப்பது', 'குறைந்த வெளிச்சத்துக்கான கேமரா அமைப்புகள்', 'ஃபிளாஷ் இல்லாமல் இரவுப் படம்' என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் எல்லாத் தேடலுக்கும் உதவும். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கு எந்தத் தேடல்கள் வருகின்றன என்று பார்த்து அங்கிருந்தே சொற்களை எடுக்கலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கீவேர்டு 'இரவுப் புகைப்படம்' என்று இருக்கும், வாக்கியத்தில் 'இரவுப் புகைப்படங்களுக்கு' என்று வரும். உருபை வெட்டி, பாதிச் சொல்லுக்கு மட்டும் லிங்க் கொடுக்காதீர்கள், அசிங்கமாகத் தெரியும். கீவேர்டுக்காக வாக்கியத்தின் இலக்கணத்தையும் உடைக்காதீர்கள். முழுச் சொல்லுக்கும் லிங்க் கொடுங்கள். நீளம் இரண்டிலிருந்து ஆறு சொற்கள் வரை இருந்தால் கண்ணுக்கும் நன்றாக இருக்கும், ஒரு முழு வாக்கியத்தையே லிங்க்காக்க வேண்டாம். படத்துக்கு லிங்க் கொடுத்தால் அதன் ஆல்ட் டெக்ஸ்ட்டையே (படத்தை விவரிக்கும் மாற்று உரையையே) கூகுள் ஆங்கராக எடுத்துக்கொள்ளும், அதைக் காலியாக விடாதீர்கள்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக: ஒரே ஆங்கரை இரண்டு வெவ்வேறு பக்கங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு பக்கத்தில் எத்தனை லிங்க்?

ஒரு காலத்தில் பக்கத்துக்கு 100 லிங்க்குக்கு மேல் வேண்டாம் என்று கூகுள் சொன்னது, பக்கத்தின் முதல் 100 கிலோபைட் அளவைத்தான் அப்போது இண்டெக்ஸ் செய்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். அந்த வரம்பு எப்போதோ போய்விட்டது, இப்போது இத்தனை என்று மந்திர எண் எதுவும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். மதிப்பு பங்காகப் பிரிகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்து, பத்திக்கு ஒன்றுக்கு மேல் போனால் ஒரு முறை யோசியுங்கள்.

படி 5: கட்டமைப்பைச் சரிசெய்யுங்கள்

கட்டுரைக்குள் கையால் வைக்கும் லிங்க் ஒரு பக்கம் என்றால், மெனு, பிரிவுப் பக்கங்கள், பிரெட்கிரம்ப் (முகப்பு > பிரிவு > கட்டுரை என்று மேலே வரும் வழிகாட்டி வரி) எல்லாம் சேர்ந்த கட்டமைப்பு இன்னொரு பக்கம். முக்கியமான எந்தப் பக்கமும் முகப்பிலிருந்து மூன்று நான்கு கிளிக்குக்குள் இருக்க வேண்டும். வலைப்பூக்களில் பழைய பதிவுகள் 'முந்தைய பதிவுகள்' என்ற லிங்க் வழியாகவே கிடைக்கும் என்றால், மூன்று வருடத்துக்கு முன் எழுதிய நல்ல கட்டுரை இருபது கிளிக் ஆழத்தில் புதைந்திருக்கும்.

இதற்கு நல்ல மருந்து மையப் பக்கம். ஒரு பெரிய பொருளுக்கு ஒரு பக்கம், அதிலிருந்து அந்தப் பொருளின் எல்லாத் துணைக் கட்டுரைகளுக்கும் லிங்க், துணைக் கட்டுரைகளிலிருந்து மையத்துக்குத் திரும்பவும் லிங்க், தேவையான இடத்தில் துணைக் கட்டுரைகள் தங்களுக்குள்ளும். வேர்ட்பிரஸில் தானாக உருவாகும் பிரிவுப் பக்கத்தையே எடுத்து, மேலே நான்கு பத்தி அறிமுகம் எழுதி, முக்கியக் கட்டுரைகளைக் கையால் வரிசைப்படுத்தினால் மையப் பக்கம் தயார். டேக் பக்கங்களைக் கண்டபடி உருவாக்காதீர்கள், ஒரே ஒரு கட்டுரை உள்ள டேக் பக்கம் நூறு இருந்தால் அவை மதிப்பைப் பிரித்துக்கொள்வதைத் தவிர எதுவும் செய்வதில்லை. 'தொடர்புடைய பதிவுகள்' காட்டும் ப்ளக்இன்கள் இருக்கட்டும், ஆனால் அவற்றை நம்பிக் கையால் வைப்பதை விட்டுவிட வேண்டாம்.

படி 6: தொழில்நுட்பக் கோளாறுகள்

கூகுள் நம்பிப் பின்தொடரும் லிங்க் என்பது ஹெச்டிஎம்எல் நிரலில் ஏ (<a>) டேக்கில் ஹெச்ரெஃப் (href) பண்போடு இருப்பது மட்டும்தான். பட்டனை அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வேறு பக்கம் திறக்கும்படி செய்திருந்தால் மனிதருக்கு வேலை செய்யும், கூகுள்பாட்டுக்குச் செய்யாது; அது பட்டனை அழுத்தாது. 'இன்னும் காட்டு' பட்டனுக்குப் பின்னால் மட்டும் இருக்கும் கட்டுரைகளுக்கும், கீழே உருட்ட உருட்ட வரும் பட்டியலுக்கும் இதே கதிதான், 1, 2, 3 என்ற சாதாரணப் பக்க எண் லிங்க்குகளையும் கூடவே வையுங்கள்.

கைபேசிப் பதிப்பையும் பாருங்கள். கூகுள் இப்போது தளங்களைக் கைபேசிப் பதிப்பை வைத்தே இண்டெக்ஸ் செய்கிறது, 2016-ல் அறிவித்த இந்த மாற்றம் 2023-ல் முடிந்தது. கணினித் திரையில் பக்கவாட்டில் இருக்கும் லிங்க் பட்டியல் கைபேசியில் ஹெச்டிஎம்எல்லிலிருந்தே காணாமல்போனால், கூகுளைப் பொறுத்தவரை அது இல்லை.

உள் இணைப்புகளுக்கு நோஃபாலோ (இந்த லிங்க்குக்கு மதிப்பு கொடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் குறிப்பு) போடாதீர்கள். 2005-ல் கருத்துப் பெட்டி ஸ்பாமைத் தடுக்க வந்த விஷயம் அது. பிறகு சிலர் முக்கியமில்லாத உள் பக்கங்களுக்கு அதைப் போட்டு, மிச்சமாகும் மதிப்பை மற்றவற்றுக்குத் திருப்பலாம் என்று பார்த்தார்கள். அப்படித் திரும்பாது, அந்தப் பங்கு வீணாகத்தான் போகும் என்று அப்போது கூகுளில் இருந்த மாட் கட்ஸ் 2009-லேயே விளக்கிவிட்டார். இன்னமும் இந்த யோசனையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

மற்றவை சின்ன வேலைகள். 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வரும் லிங்க்குகளைத் திருத்துங்கள். ரீடைரக்ட் ஆகும் முகவரிக்கு லிங்க் கொடுத்திருந்தால் நேராகக் கடைசி முகவரியையே போடுங்கள். கேனானிகல் (இதுதான் முதன்மை முகவரி என்று கூகுளிடம் சொல்லும் குறிப்பு) எந்த வடிவத்தைக் காட்டுகிறதோ அதே வடிவத்தில் லிங்க் கொடுங்கள், ஓரிடத்தில் கடைசிச் சாய்கோட்டோடும் இன்னோரிடத்தில் இல்லாமலும் வேண்டாம்.

படி 7: ஒவ்வொரு புதுப் பதிவுக்கும்

பதிப்பித்த அன்றே, படி 3-ல் சொன்னபடி தேடி, மூன்று பழைய பக்கங்களையாவது திறந்து புதுப் பக்கத்துக்கு லிங்க் வையுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டால் அது நடக்காது. பதிப்பிக்கும் முன் பார்க்கும் சரிபார்ப்புப் பட்டியல் ஏதாவது வைத்திருந்தால் அதில் 'உள்ளே வரும் லிங்க்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இன்னொருவர் எழுதித் தரும் தளம் என்றால் இந்த வேலையைத் தொகுப்பவரிடம் கொடுப்பதே சரி, எழுதுகிறவருக்குத் தளத்தில் என்னென்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது.

படி 8: பலனை அளப்பது

லிங்க் சேர்த்த தேதியையும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பதையும் விரிதாளில் குறித்து வையுங்கள். இல்லையென்றால் ஏற்றமோ இறக்கமோ எதனால் வந்தது என்று பிற்பாடு தெரியாது. கூகுள் பழைய பக்கத்தை மறுபடி படித்தால்தான் புது லிங்க் அதற்குத் தெரியும், சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் கடைசியாக எப்போது கிரால் ஆனது என்று பார்க்கலாம். அவசரமென்றால் லிங்க் கொடுக்கும் பக்கத்துக்கு மறு இண்டெக்ஸ் கேளுங்கள். அங்கிருந்து சில வாரம் பொறுங்கள். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் இலக்குப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, முந்தைய காலத்தோடு ஒப்பிட்டு, சராசரி இடத்தைவிட இம்ப்ரெஷனையும் புதிதாக வந்த தேடல்களையும் முதலில் பாருங்கள். புதுத் தேடல்களுக்குக் காட்டத் தொடங்கும்போது சராசரி இடம் சில சமயம் கீழே போன மாதிரித் தெரியும், அதைப் பார்த்துப் பதறி லிங்க்கை எடுத்துவிடாதீர்கள்.

பத்துப் பக்கத்தில் செய்தால் பத்தும் ஏறாது. ஏறாத பக்கத்தைத் தேடல் முடிவில் முதல் மூன்று இடத்தில் இருப்பவற்றோடு பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அவை பதில் சொல்லும் கேள்விக்கு உங்கள் பக்கம் பதிலே சொல்லவில்லை என்றால் இன்னும் இருபது லிங்க் வைத்தாலும் அசையாது, அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி படி 3-க்கு வாருங்கள்.